ஊனத்துக்குச் சதவிகிதம் போடும் டாக்டருக்கு என்ன தகுதி?

டிராம்பே, மாஹுல் வட்டாரத்தில் கண்டிராக்டரிடம் வேலை பார்க்கும் தமிழ்த் தொழிலாளி ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பை முறித்துக்கொண்டால், அவருக்குக் கிடைக்கும் நஷ்ட ஈடு பெரும்பாலும் ஒரே ஓர் எண்ணைப் பொறுத்தது. டாக்டர் தம் சர்ட்டிபிகேட்டில் எழுதும் சதவிகிதம்தான் அந்த எண். அதை எழுதுகிற டாக்டருக்கு என்ன தகுதி வேண்டும் என்று 1923ஆம் ஆண்டு நஷ்ட ஈட்டுச் சட்டத்தைப் புரட்டினால், பதில் மிகச் சிறியது. அவருடைய பெயர் மருத்துவர் பதிவேட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எலும்பு டாக்டரா, தோல் டாக்டரா, ஆலை வாசலையாவது பார்த்தவரா என்று சட்டம் கேட்கவில்லை.

2025 நவம்பர் 21ஆம் தேதி புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. பழைய நஷ்ட ஈட்டுச் சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. ஆனால் பட்டியலில் இல்லாத காயத்துக்கு டாக்டரே மதிப்புப் போட வேண்டும் என்ற ஏற்பாடு அப்படியே தொடருகிறது. ஆகவே கேள்வியும் தொடருகிறது.

பட்டியலும் பட்டியலுக்கு வெளியேயும்

சில காயங்களுக்குச் சட்டமே விலை எழுதி வைத்திருக்கிறது. கட்டை விரல் போனால் 30 சதவிகிதம், ஒரு கையில் நான்கு விரல்கள் போனால் 50, கையே போனால் 60. இவற்றில் டாக்டரின் அபிப்பிராயத்துக்கு அதிக வேலை இல்லை. விரல் இருக்கிறதா, இல்லையா என்று பார்த்தால் போதும்.

தகராறெல்லாம் மற்ற காயங்களில்தான். கோணலாகக் கூடிய எலும்பு, மடங்க மறுக்கும் முழங்கால், தீக்காயத்தில் சுருங்கிப்போன தோல், நரம்பு அடிபட்டு மரத்துப்போன கை ஆகியவை பட்டியலில் கிடையாது. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் உரத் தொழிற்சாலையும் அனல் மின் நிலையமும் அடுத்தடுத்து நிற்கும் இந்த வட்டாரத்தில் இத்தகைய காயங்கள் அபூர்வமல்ல. 2018 ஆகஸ்டு 8ஆம் தேதி மாஹுல் பாரத் பெட்ரோலியம் ஆலையில் நடந்த வெடி விபத்தின் சத்தத்தைச் செம்பூர்வாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். 1976இல் ஜனதா காலனி இடிக்கப்பட்டுச் சீட்டா கேம்ப்புக்குக் குடியேற்றப்பட்ட குடும்பங்களில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அங்கிருந்து கண்டிராக்ட் வேலைக்குப் போகிறவர்களும் ஏராளம்.

பத்து சதவிகிதத்தின் விலை

30 வயது வெல்டர் ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். 2020 ஜனவரியில் உயர்த்தப்பட்ட உச்சவரம்பான மாதம் ரூ.15,000 சம்பளம் என்று கணக்கு. பழைய சட்டப்படி அதில் 60 சதவிகிதம் ரூ.9,000. அந்த வயதுக்குச் சட்டம் தரும் பெருக்கல் எண் 207.98. பெருக்கினால் முழு ஊனத்துக்கு ரூ.18,71,820 வருகிறது. டாக்டர் 20 சதவிகிதம் எழுதினால் கைக்கு வருவது ரூ.3,74,364, 40 எழுதினால் ரூ.7,48,728. பேனா பத்து சதவிகிதம் ஏறினாலோ இறங்கினாலோ ரூ.1,87,182 வித்தியாசம். ஊரில் ஒரு பெண்ணின் கலியாணமோ, அடகில் கிடக்கும் வீடோ இந்த வித்தியாசத்துக்குள் அடங்கிவிடும்.

உடம்பு வேறு, பிழைப்பு வேறு

சட்டம் டாக்டரிடம் கேட்பது என்ன என்பதைக் கவனிக்க வேண்டும். கால் எவ்வளவு வளைகிறது என்பதோடு அது நிற்கவில்லை. இந்தக் காயத்தால் இவருடைய சம்பாதிக்கும் சக்தி எவ்வளவு நிரந்தரமாகக் குறைந்தது என்று கேட்கிறது. மருத்துவக் கல்லூரியில் எலும்பைப் படித்தவருக்குப் பைப் ஃபிட்டரின் வேலை எப்படித் தெரியும்? அறுபது அடி ஏணியில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் ஸ்பானரைத் திருப்புகிறவருக்கு இடது கையின் பிடி எவ்வளவு முக்கியம் என்பது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை.

சுப்ரீம் கோர்ட்டு இதை 1975 டிசம்பரிலேயே கண்டுகொண்டது. ஒரிசாவில் சினிமாக் கொட்டகை வேலையில் இருந்த தச்சர் ஒருவர் விழுந்து, இடது கை முழங்கைக்கு மேலே துண்டிக்கப்பட்டது. இது பகுதி ஊனமே என்று முதலாளி தரப்பு வாதாடியது. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இது முழு ஊனம் என்றது கோர்ட்டு. 2019 டிசம்பரில் இன்னொரு தீர்ப்பு: கர்நாடக லாரி டிரைவர் ஒருவருக்கு உடல் ஊனம் 37 சதவிகிதம் என்று டாக்டர் மதிப்பிட்டிருந்தார். இனி லாரி ஓட்டவே முடியாத நிலையில் அவருக்கு இழப்பு நூறு சதவிகிதம் என்று சுப்ரீம் கோர்ட்டு முடிவு செய்தது. டாக்டர் பார்த்தது உடம்பை. கோர்ட்டு பார்த்தது பிழைப்பை.

ஆனால் எத்தனை பேர் டில்லிவரை போக முடியும்? காயம், ஊனம் சம்பந்தப்பட்ட உண்மைகளில் கமிஷனரின் முடிவே கடைசி முடிவு, சட்டப் பிரச்சினை இல்லாமல் ஹைகோர்ட்டு அதைக் கிளறக்கூடாது என்று 2016இல் தீர்ப்பு வந்திருக்கிறது. ஆகவே முதலில் எழுதப்படும் சர்ட்டிபிகேட்டே பலருக்குத் தலையெழுத்தாகிவிடுகிறது.

தாராளமும் ஆபத்துதான்

குறைத்து எழுதும் டாக்டரால்தான் நஷ்டம் என்று நினைக்கக்கூடாது. சிகிச்சையே அளிக்காதவர், கேட்டவுடன் 60, 70 என்று எழுதித் தருவதும் உண்டு. மோட்டார் விபத்து வழக்கு ஒன்றில் 2010இல் சுப்ரீம் கோர்ட்டு இத்தகைய சர்ட்டிபிகேட்டுகளைப் பற்றிக் கடுமையாக எச்சரித்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல் அந்த டாக்டரைக் கூண்டில் ஏற்றி நாலு கேள்வி கேட்டால் போதும். 30 சதவிகிதத்துக்கு நியாயமாக உரிமையுள்ளவரும் பொய்யராகத் தெரிவார்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. ஹாஜி அலியில் உள்ள மத்திய அரசின் மறுவாழ்வு மருத்துவ நிலையத்திலோ அரசு ஆஸ்பத்திரியிலோ வாங்கும் மாற்றுத் திறனாளி சர்ட்டிபிகேட் ரெயில் சலுகைக்கும் உதவித் தொகைக்கும் உதவும். அதில் இருப்பது உடல் ஊனத்தின் அளவு. அதே எண்ணை நஷ்ட ஈட்டுச் சதவிகிதமாக எடுத்துக்கொண்டு ஏமாறுகிறவர்கள் உண்டு.

குழு ஏன் கூடாது?

இ.எஸ்.ஐ.யில் இன்ஷூர் செய்யப்பட்டவருக்கு நிலைமை கொஞ்சம் மேல். அங்கே மதிப்பிடுவது தனி டாக்டர் அல்ல, மருத்துவக் குழு. அதன் முடிவு பிடிக்காவிட்டால் அப்பீலுக்கும் வழி உண்டு. குழுவும் தவறும், ஆனாலும் இரண்டு மூன்று பேர் பார்ப்பதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. இ.எஸ்.ஐ.க்கு வெளியே நிற்கும் தொழிலாளிக்கு அதுகூடக் கிடையாது.

பயிற்சி தர இடமில்லை என்றும் சொல்ல முடியாது. 1987இல் ஃபாக்டரி சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அபாயகரமான தொழிற்சாலைகளில் நியமிக்கப்படும் டாக்டர் மூன்று மாதத் தொழில் மருத்துவப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று விதிகள் வந்தன. அந்தப் பயிற்சியைத் தரும் மத்திய தொழிலாளர் நிலையம் சயானிலேயே இருக்கிறது; தாராவியிலிருந்து நடந்தே போகலாம். ஆலைக்குள் மருந்து கொடுப்பவருக்குப் பயிற்சி வேண்டும், ஊனத்துக்கு விலை போடுகிறவருக்கு வேண்டாம் என்பது விசித்திரமான நியாயம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இந்த வேலைக்கு வரும் டாக்டர் தனிப் பரீட்சை எழுத வேண்டும்; அறிக்கை எழுதவும் பயிற்சி பெற வேண்டும். மாநில அரசு மனம் வைத்தால், பயிற்சி பெற்ற டாக்டர்களின் பட்டியல் ஒன்றைத் தயாரிப்பது பெரிய காரியமல்ல.

அது வரும்வரை தொழிலாளி செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. முடிந்தவரை சிகிச்சை அளித்த டாக்டரிடமே சர்ட்டிபிகேட் பெற வேண்டும். "வேலைக்காரன்" என்று மொட்டையாக எழுத விடாமல் ஃபிட்டர், வெல்டர், ரிக்கர் என்று தொழிலின் பெயரையும், எதைத் தூக்கி எதில் ஏறி வேலை செய்தார் என்பதையும் எழுதச் சொல்ல வேண்டும். எக்ஸ்ரே படங்களையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் கண்டிராக்டரிடமோ முக்காதமிடமோ கொடுத்துவிடாமல் வீட்டில் வைத்திருக்க வேண்டும். முதலாளி தம் செலவில் வேறு டாக்டரிடம் பரிசோதிக்கக் கூப்பிட்டால் போகாமல் இருக்கக்கூடாது. மறுத்தால் நஷ்ட ஈட்டு உரிமையே நிறுத்தி வைக்கப்படும் என்று பழைய சட்டம் சொன்னது. போகலாம், ஆனால் அங்கே நீட்டப்படும் எந்தக் காகிதத்திலும், அது மராத்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால், படித்துச் சொல்ல ஓர் ஆள் இல்லாமல் கைநாட்டு வைக்கக்கூடாது.