ஒரே உலையில் ஊருக்குச் சோறு

வீட்டிற்கு விருந்தினர் ஐவர் வந்தால், ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே உலையேற்றும் இல்லத்தரசியை நாம் கண்டதில்லை. ஒரே பானையில் ஆக்கி, வந்தவர்க்கெல்லாம் பரிமாறுவதே நம் வழக்கம். ஆயினும், வேகங் குன்றிய இணையத்தளங்கள் பலவற்றின் உள்ளே எட்டிப் பார்ப்போமாயின், ஆளுக்கோர் உலை எரிவதையே காண்போம்.

மாணவன் ஒருவன் ஒரு பக்கத்தைக் கேட்கின்றான். சேவையகம் தரவுத்தளத்தில் தேடியெடுத்து, துண்டுகளைக் கோத்து, அப்பக்கத்தை ஆக்கிக் கொடுக்கின்றது. அடுத்த கணமே வேறொருவன் அதனையே கேட்டால், மீண்டும் முதலிலிருந்து அதே வேலை! ஒரு முறை ஆக்கியதை நினைவகத்தில் வைத்திருந்து, கேட்டவர்க்கெல்லாம் வழங்குவதே ‘கேஷ்’ எனப்படும் முறை.

இம்மட்டில் எல்லாம் முடிந்ததா? இல்லை. பானையிலுள்ளது பழஞ்சோறாகும் வேளையும் உண்டு. 2009ஆம் ஆண்டு ஜூன் 25ஆந் திகதி பாடகர் மைக்கல் ஜக்சன் காலமானபோது, விக்கிப்பீடியாவில் அவரைப் பற்றிய கட்டுரையை நாடி உலகெங்குமிருந்து மக்கள் குவிந்தனர். அதே வேளையில் கட்டுரை ஓயாது திருத்தப்பட்டது. ஒவ்வொரு திருத்தமும் சேமித்த பிரதியைப் பழையதாக்கிற்று. புதியது ஆயத்தமாகுமுன் வந்த வேண்டுகோள்களுக்காகச் சேவையகங்கள் பல, அந்த நீண்ட கட்டுரையைத் தனித்தனியே ஆக்கத் தொடங்கின. தளம் திணறிற்று.

அதன் பின்னர் அங்கே ‘பூல்கவுன்டர்’ என்னும் ஏற்பாடு செய்யப்பட்டது. ஒரு பக்கத்தை ஒரே நேரத்தில் ஓரிரு சேவையகச் செயல்கள் மாத்திரமே ஆக்கும்; ஏனையவை காத்திருக்கும். காத்திருப்பு நீண்டால் பழைய பிரதி வழங்கப்படும். அடுக்களையில் எல்லோரும் ஒருங்கே அகப்பை பிடித்தலாகாது என்பது இதன் சாரம்.

தளம் அமைக்கப் பயிலும் இளைஞர்க்கு நாம் கூறுவது இதுவே. முதலில் தாமதம் எங்கே என்று அளந்து பாருங்கள். படங்கள் பெரிதாயின் சுருக்குங்கள். தேடல் மெதுவாயின், நூலின் ஈற்றிலுள்ள சொல்லட்டவணை போன்று தரவுத்தளத்திற்கு ‘இன்டெக்ஸ்’ அமையுங்கள். பலருக்கும் பொதுவான பக்கத்தைக் கேஷில் வையுங்கள். ஒருவரது பரீட்சைப் புள்ளி போன்ற தனிப்பட்ட விபரத்தைப் பொதுப் பானையில் இடாதீர்கள். அது பிறர் இலையில் விழுந்துவிடக் கூடும்.

எஞ்சிய சிறிதளவு டேட்டாவுடன் கைத்தொலைபேசியை ஏந்தியிருக்கும் பிள்ளைக்கு, வட்டம் சுழன்றுகொண்டேயிருக்கும் திரை, பசித்தவன் முன் இட்ட வெற்றிலை அன்று, வெறும் இலையே. அவனைக் காக்கவைக்காதிருப்பதும் ஒரு விருந்தோம்பல் அன்றோ?