யாருக்குப் போதும்?

(இரண்டாம் ஆண்டு, இளமறிவியல் இயற்பியல்)

மனிதன் பேசும் சொற்களில் வலிமை மிக்கவை இரண்டு. ஒன்று 'வேண்டும்', மற்றொன்று 'போதும்'. வேண்டும் என்று எண்ணியதால் மனிதன் குகையை விட்டு வெளியேறினான், கடலைக் கடந்தான், நிலவிலும் கால் வைத்தான். போதும் என்று எண்ணியதால் அவன் நிம்மதியாக உண்டான், உறங்கினான், பக்கத்தில் இருப்பவனுக்கும் ஒரு பிடி கொடுத்தான். இவ்விரண்டில் சிறந்தது எது என்று பட்டிமன்றம் வைத்தால் இரு அணிக்கும் கைதட்டல் கிடைக்கும். நடுவரும் 'இரண்டும் தேவையே' என்று தீர்ப்புக் கூறிவிட்டு, பொன்னாடையுடன் வீடு திரும்புவார்.

ஆனால், இன்னும் ஓராண்டில் பட்டத்துடன் வெளியேற இருக்கும் நமக்கு இது வெறும் பட்டிமன்றத் தலைப்பு அன்று. உயர்ந்த பதவியை நாடி ஊரை விட்டுச் செல்வதா, கிடைத்த வேலையில் அமர்ந்து உற்றார் உறவினருடன் அமைதியாக வாழ்வதா என்ற கேள்வி நம் ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் வந்து நிற்கிறது. நம் கல்லூரியில் பயில்வோரில் மிகப் பலர், என்னைப் போலவே, தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். வழிகாட்ட வீட்டில் முன்னோடி எவரும் இல்லை. நாமேதான் எண்ணிப் பார்க்க வேண்டும். அவ்வாறு எண்ணியதன் விளைவே இக்கட்டுரை.

இரு குரல்கள்

என் எதிர்காலத்தைப் பற்றிப் பேசும் உறவினர்கள் இரு வகையினர். என் அத்தை சொல்வார்: "டிகிரி முடிச்சதும் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துல ஒரு வேலை. பொழுது சாயுமுன்னே வீட்டுக்கு வந்திரலாம். பொம்பளப் பிள்ளைக்கு அது போதும்." என் மாமா சொல்வார்: "படிச்சா கலெக்டருக்குப் படி. இல்லேன்னா மெட்ராசுல பெரிய கம்பெனியில லட்ச ரூபாய் சம்பளம் வாங்கு. அது ரெண்டும் இல்லேன்னா எதுக்குப் படிக்கணும்?"

அத்தை போதும் என்கிறார். மாமா போதாது என்கிறார். இருவரும் என்பால் அன்பு கொண்டவர்களே. ஆயினும் இருவரிடமும் குறை ஒன்றுதான். 'உனக்கு என்னம்மா வேணும்?' என்று இருவருமே இதுநாள்வரை கேட்டதில்லை.

போதும் என்ற மனமே பொன்செய்யும் மருந்து என்பது நம் பழமொழி. மருந்து என்று சொல்லிவிட்டால் யாருக்கு, எந்த நோய்க்கு, எவ்வளவு என்று பார்த்துக் கொடுக்க வேண்டாமா? உண்டு கொழுத்தவனுக்குக் கொடுக்க வேண்டிய மருந்தைப் பசித்தவனுக்குக் கொடுத்தால் என்ன ஆகும்?

திண்ணையில் ஒரு தையல் இயந்திரம்

என் தந்தை தையல்காரர். விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், எங்கள் வீட்டுத் திண்ணையில், ஒரே ஒரு தையல் இயந்திரத்தை வைத்துக்கொண்டு எங்களை வளர்த்தவர். ஜூன் மாதத்தில் பள்ளிச் சீருடை, பிறகு தீபாவளி, பொங்கல். இவைதாம் அவருடைய அறுவடைக் காலங்கள். ஆயத்த ஆடைகள் ஊர்ச்சந்தை வரை வந்துவிட்ட பிறகு அந்த அறுவடையும் மெலிந்துவிட்டது.

அந்த நாளில் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்த உறவினர் ஒருவர் அவரைக் குடும்பத்தோடு அங்கே வரச் சொன்னார். இங்கே ஒரு மாதத்தில் கிடைப்பது அங்கே இரண்டே வாரத்தில் கிடைக்கும் என்றார். அப்பா மறுத்துவிட்டார். "இது என் மெஷின், என் திண்ணை. யாருக்கும் கைகட்டி நிக்க வேண்டியதில்ல. கஞ்சியோ கூழோ, எனக்கு இது போதும்" என்று அவர் சொன்னது இன்றும் என் காதில் ஒலிக்கிறது. சிறுமியாக இருந்த நான் அதைக் கேட்டுப் பெருமைப்பட்டேன். இப்போதும் பெருமைப்படுகிறேன்.

ஆனால் அந்தப் 'போதும்' என்ற சொல்லுக்கு ஒரு விலை இருந்தது. அதை அப்பா கொடுக்கவில்லை. என் அக்கா கொடுத்தாள்.

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள், என்னைவிடக் கெட்டிக்காரி. 2018 இல் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண்களுடன் தேறினாள். கல்லூரிக்கு அனுப்பக் கையில் பணம் இல்லை. 'பன்னிரண்டு வரை படித்ததே போதும்' என்று பெரியவர்கள் கூடி முடிவு செய்தனர். மறுவாரம் முதல் அவள் அப்பாவுக்குக் காஜா எடுக்கவும் பட்டன் தைக்கவும் உட்கார்ந்துவிட்டாள். இப்போது திருமணமாகி, அடுத்த தெருவில் இரவிக்கை தைத்துக்கொண்டிருக்கிறாள். கேட்டால், "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்பாள். ஆனால் என் செய்முறைப் பதிவேட்டில் நிறமாலைமானியின் படத்தை வரைந்து கொடுப்பவள் அவள்தான். (எங்கள் விரிவுரையாளர்கள் மன்னிக்க வேண்டும்.) வரைந்து முடித்ததும் உடனே மூடிவிட மாட்டாள். முந்தைய பக்கங்களைப் புரட்டி, 'இது என்ன? இது எதுக்கு?' என்று கேட்டுக்கொண்டே இருப்பாள்.

2022 செப்டம்பரில் தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டத்தால் எனக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. அக்காவின் காலத்தில் அது இல்லை. 2021-22 ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47 விழுக்காடு. நாடு முழுமைக்கும் 28.4 விழுக்காடு. நாம் மார்தட்டிக்கொள்ளத் தக்க கணக்குத்தான். ஆனால் அந்த ஆண்டில் என் அக்காவுக்கு வயது 21. அவள் அந்த 47 இல் இல்லை.

வள்ளுவர் வைத்த இடம்

'ஆசையை அடக்கு என்றுதானே வள்ளுவரும் சொன்னார்?' என்று சிலர் கேட்கலாம். தமிழ்ப் பாடத்துக்காகத் திருக்குறளைப் புரட்டியபோது ஒன்றைக் கண்டேன். 'அவா அறுத்தல்' என்னும் 37 ஆம் அதிகாரம் துறவறவியலில் இருக்கிறது. அது துறவிக்குச் சொன்னது. இல்லறத்தானுக்கு அவர் வைத்த அதிகாரம் 'வெஃகாமை'. அஃதாவது பிறர் பொருளை விரும்பாதிருத்தல். 60 முதல் 62 வரையுள்ள அதிகாரங்களோ ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என்று அணிவகுத்து நிற்கின்றன.

பிறர் பொருளுக்கு ஆசைப்படாதே என்பது வேறு. நீ முயலாதே என்பது வேறு. முன்னதைச் சொன்னவர் வள்ளுவர். பின்னதை அவர் எங்கும் சொல்லவில்லை. ஊக்கமும் ஆள்வினையும் அரசியல் பகுதியில் வருவதால் அவை அரசனுக்கே உரியவை என்று வாதிடுவாரும் உளர். குடியாட்சியில் வாக்குச்சீட்டு ஏந்தும் ஒவ்வொருவரும் அரசரே அல்லவா?

இராமன் துறந்த பதவி

எங்கள் துறையின் பெருமைக்குரிய சர் சி.வி. இராமனின் வாழ்வை நோக்குவோம். 1907 இல், இருபது வயதுகூட நிறையாத நிலையில், இந்திய நிதித்துறையில் அதிகாரியாகக் கல்கத்தாவில் பணியேற்றார். நல்ல சம்பளம், பெரிய பதவி. வேறொருவராக இருந்தால் 'போதும்' என்று அமர்ந்திருப்பார். அவரோ அலுவலக நேரம் போக எஞ்சிய பொழுதையெல்லாம் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் கழித்தார். 1917 இல் அந்தப் பதவியைத் துறந்து, அதைவிடக் குறைந்த ஊதியத்தில் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார். 1928 பிப்ரவரி 28 ஆம் நாள் இராமன் விளைவு உலகுக்குத் தெரிந்தது. 1930 இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதைப் பேராசை என்பதா, மனநிறைவு என்பதா? சம்பளத்தில் 'போதும்' என்றார். அறிவில் 'போதாது' என்றார். இரண்டையும் ஒரே மனிதர் ஒரே நாளில் சொல்லியிருக்கிறார்!

எனினும் ஓர் உண்மையை மறைத்தல் கூடாது. இராமனின் தந்தை கல்லூரி ஆசிரியர். வீட்டில் நூல்கள் இருந்தன. நம் நிலை அவ்வாறன்று. நம்மில் பலருடைய முதல் மாதச் சம்பளத்துக்காக வீட்டில் ஒரு கடன் சீட்டு காத்திருக்கிறது. ஆகவே முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருவர் நல்ல சம்பளத்தை விரும்புவதைப் பேராசை என்று எவரும் ஏளனம் செய்ய வேண்டா. கூரை ஒழுகும் வீட்டில் ஓடு வேண்டும் என்பது ஆடம்பரம் அன்று.

பந்தயக் குதிரைகள்

அதற்காக மாமாவின் கட்சிக்கும் நான் முழுதும் மாறிவிடவில்லை. இன்று இலட்சியம் என்ற சொல்லையே சம்பளக் கணக்கால் அளக்கிறார்கள். 'உனக்கு எவ்வளவு பேக்கேஜ்?' என்பதே நலம் விசாரிக்கும் முறையாகிவிட்டது. அடுத்த வீட்டுப் பையன் வாங்கியதை நாமும் வாங்க வேண்டும் என்று ஓடுவது இலட்சியம் ஆகாது. அது கடன் வாங்கிய ஆசை. அதற்கு ஒருநாளும் நிறைவு வராது. ஏனெனில் அடுத்த வீடு என்பது எந்த ஊரிலும் இருக்கும்.

எங்கள் வகுப்பு நண்பர் ஒருவர் பட்டம் பெற்றதும் தம் ஊருக்கே சென்று, தந்தையின் நிலத்தையும் நான்கு மாடுகளையும் பார்க்கப் போவதாகச் சொல்கிறார். 'இதற்கா பி.எஸ்சி.?' என்று சிலர் சிரித்தனர். நான் சிரிக்கவில்லை. அவருக்கு வேறு வழிகளும் தெரியும். அவற்றை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் இதைத் தேர்ந்தார். அவர் சொல்லும் 'போதும்' என்பதற்கு மதிப்பு உண்டு. என் அக்காவுக்கோ அவ்வாறு தேர்ந்துகொள்ள வாய்ப்பே தரப்படவில்லை. இரண்டும் வெளியிலிருந்து பார்ப்பதற்கு எளிய வாழ்வுதான். ஆனால் ஒன்று தேர்ந்தெடுத்தது, மற்றொன்று திணிக்கப்பட்டது.

இயற்பியலிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஒரு பொருளின்மீது செயற்படும் விசைகளின் தொகுபயன் சுழியானால் அது சமநிலையில் இருக்கிறது என்கிறோம். சமநிலை என்றதும் ஓய்ந்து கிடக்கும் பொருளே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் மாறாத வேகத்தில் நேர்கோட்டில் சென்றுகொண்டிருக்கும் பொருளும் சமநிலையில்தான் இருக்கிறது! மனநிறைவு என்பதும் அத்தகையதே. நின்றால்தான் அமைதி என்பதில்லை. அலைபாயாமல் நடந்துகொண்டிருப்பவனுக்கும் அமைதி உண்டு.

எங்கள் மண்ணின் மைந்தர்

இதற்குச் சான்று தேட நான் வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. எங்கள் விருதுநகரில் 1903 இல் பிறந்த பெருந்தலைவர் காமராசர் இளமையிலேயே பள்ளிப் படிப்பை விட்டவர். 'நான் படிக்கவில்லை, நாட்டை ஆள்கிறேன். அதுபோல் ஊராரும் படிக்காமலே பிழைக்கட்டும்' என்று அவர் இருந்துவிடவில்லை. 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்த காலத்தில் சிற்றூர்தோறும் பள்ளிகளைத் திறந்தார். பசித்த பிள்ளைகளுக்கு மதிய உணவு தந்தார். தமக்கென ஒரு வீடு கட்டிக்கொள்ளாமலே 1975 இல் மறைந்தார்.

தம் தேவைக்குப் போதும். பிறர் பிள்ளைகளின் கல்விக்குப் போதாது. இதுவே அவர் நமக்கு விட்டுச்சென்ற பாடம். இன்று ஆசை பேசுவோரும் நிறைவு பேசுவோரும் பெரும்பாலும் இதைத் தலைகீழாக்கிவிட்டனர். தமக்குப் போதாது என்கின்றனர். பிறருக்குப் போதும் என்கின்றனர். வேலையாளின் கூலி போதும், ஏழையின் படிப்பு போதும், பெண்ணின் பட்டம் போதும் என்று தீர்ப்புச் சொல்பவர் எவரும் தம் தட்டைப் பார்த்து அச்சொல்லைச் சொல்வதில்லை.

உள்ளே விட்ட துணி

நான் கல்லூரியில் சேர்ந்த அன்று இரவு அப்பா நெடுநேரம் இயந்திரத்தின் முன் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு சொன்னார்: "எனக்குப் போதும்னு சொன்னது சரிதான் தாயி. ஒங்க அக்காவுக்கும் சேத்து நானே சொல்லிட்டேன். அதுதான் தப்பு."

ஒரு தையல்காரர் பெரியவருக்குச் சட்டை தைக்கும்போது உடம்பு அளவுக்கே வெட்டுவார். வளரும் பிள்ளைக்குச் சீருடை தைத்தால் உள்ளே ஓர் அங்குலம் துணி விட்டுத்தான் தைப்பார். பாவாடைக்கு டக்கு வைப்பார். பிள்ளை வளர வளரத் தையலைப் பிரித்துவிட்டால் போதும். அதே உடை மறு ஆண்டுக்கும் வரும். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் அவ்வாறு தைத்த என் தந்தை, தன் மூத்த மகளின் வாழ்வுக்கு மட்டும் உள்ளே துணி விட மறந்துவிட்டார். அது அவர் குற்றம் மட்டும் அன்று; அவர் கையில் இருந்த துணியே அவ்வளவுதான்.

நான் முடிவு செய்துவிட்டேன். அடுத்த ஆண்டு, ஐ.ஐ.டி.களில் முதுகலை அறிவியல் படிப்பதற்கான ஜாம் நுழைவுத் தேர்வை எழுதப் போகிறேன். இடம் கிடைத்தால் செல்வேன். கிடைக்காவிட்டால் ஏதேனும் ஓர் அரசு கல்லூரியில் எம்.எஸ்சி. சேர்வேன். பள்ளி ஆசிரியை ஆவதை நான் இழிவாகக் கருதவில்லை. ஒருநாள் நானே அதை விரும்பித் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அந்த நாளில் 'போதும்' என்று சொல்பவள் நானாகவே இருப்பேன்.

சென்ற பொங்கலன்று அப்பாவும் நானும் அக்கா வீட்டுக்குச் சென்றோம். தொலைநிலைக் கல்வியில் பட்டம் படிக்க விருப்பமா என்று கேட்டோம். அவள் கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்தாள். "எனக்கு என்ன வேணும்னு இப்பத்தான் முதல் தடவையா கேக்குறீங்க" என்றாள். சிறிது நேரம் கழித்து, "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

அவள் என்ன சொன்னாலும் சரி. அது அவள் சொல்லும் சொல்லாக இருக்கும்.

மாணவ நண்பர்களே! நம் வீட்டில் யாருக்காவது நாம் 'போதும்' என்று சொல்லிவிட்டோமா என்று இன்று மாலை வீடு திரும்பியதும் ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். நம் தேவைக்கு அளவு வைப்போம். பிறர் வளர்ச்சிக்கு உள்ளே துணி விடுவோம்!