நாதியற்ற வண்டிகள்!

அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றி வாருங்கள். ஆவடியின் தெருக்களில் நடந்து பாருங்கள். பூந்தமல்லியில் சாலையோரம் சற்றே நில்லுங்கள். சக்கரம் கழன்ற லாரி! கூரை கிழிந்த ஆட்டோ! கண்ணாடி நொறுங்கிய கார்! பக்கத்தில் கிடக்கும் டயரில் மழைநீர். மழைநீரில் கொசு முட்டை. ஒரு வாரம், பத்து நாள் போதும். அது கொசுவாகி, டெங்குவைச் சுமந்து ஏழையின் வீட்டுக்குள் நுழையும்.

இரவு ஷிப்டு முடிந்து சைக்கிளில் திரும்பும் தொழிலாளி, அந்த வண்டியைச் சுற்றிப்போக நடுச்சாலைக்கு வருகிறான். பின்னால் வருவதோ கன்டெய்னர் லாரி! அவன் உயிருக்கு யார் பொறுப்பு?

சட்டம் இல்லையா? இருக்கிறது. பொது இடத்தில் பத்து மணி நேரத்துக்கு மேல் கேட்பாரற்றுக் கிடக்கும் வண்டியை இழுத்துச்செல்ல உத்தரவிடலாம் என்று, சீருடை அணிந்த காவல் அதிகாரிக்கு உரிமை தருகிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆவது பிரிவு. செலவு உரிமையாளரைச் சாரும். சட்டம் சொல்வது பத்து மணி நேரம். தெருவில் கிடப்பவையோ பல பொங்கல் கண்டவை!

ஏன் இந்த நிலை? அதிகாரம் ஒரு கையில், துடைப்பம் மறு கையில்! அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது, ஆவடி 2019-இல் தனி மாநகராட்சி ஆயிற்று, பூந்தமல்லி நகராட்சி. உள்ளாட்சி மூன்று. ஆனால், 2022 முதல் மூன்று ஊருக்கும் காவல் ஆணையரகம் ஒன்றே. அது ஆவடியில் இருக்கிறது. மூவரும் காவல்துறையும் கூடிப்பேச ஒரு மேசை போதாதா?

இழுத்துச்சென்று எங்கே வைப்பது? காவல் நிலைய வாசலிலா? அங்கேயும் வழக்கில் பிடித்த வண்டிகள் துருப்பிடிக்கின்றனவே! பிடித்த வண்டிகளை நிலையத்தில் நெடுங்காலம் போட்டுவைப்பதில் பயனில்லை, உரிமை கோருவார் இல்லையெனில் நீதிமன்ற ஆணையோடு ஏலம் விடலாம் என்று 2002-இல், சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில், உச்சநீதிமன்றமே சொல்லிவிட்டது. தெருவில் கிடந்த துருவை நிலைய வாசலுக்கு மாற்றுவது தூய்மை அன்று, இடமாற்றம்!

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். வண்டியை விட்டுப்போனவன் யார்? திருட்டு வண்டியை வீசிச்சென்றவனும் உண்டு. எஃப்.சி. செலவுக்கு வழியின்றி, வட்டிக்கு அஞ்சி, சோறுபோட்ட ஆட்டோவைத் தெருவில் விட்டுவிட்டுக் கண்கலங்கிய ஏழையும் உண்டு. அவனுக்கு டில்லி தந்தது என்ன? 2021-இல் பழைய வண்டிகளை உடைக்கும் கொள்கை வந்தது. உடைத்துவிட்டுப் புதியது வாங்கினால் வரிச்சலுகையாம்! சொந்தக் காருக்கு 25 விழுக்காடு வரை; பிழைப்புக்கு ஓட்டும் வாடகை வண்டிக்கு 15 விழுக்காடு வரை! உலாப் போகிறவனுக்கு அதிகம், உழைக்கிறவனுக்குக் குறைவு! பழையதை ஓட்டவே வழியற்றவன் புதியதற்கு எங்கே போவான்?

ஆகவே நாம் கேட்பது மூன்று. வண்டியை எடுக்குமுன் உரிமையாளருக்கு எழுத்தில் அறிவிப்பும் தவணையும் தருக! எடுத்த வண்டிக்கு ஊருக்கு வெளியே இடம் ஒதுக்கி, நாள் குறித்து ஏலம் நடத்துக! இழுத்த செலவு போக மிஞ்சும் பணத்தை ஏழை உரிமையாளனிடமே கொடுத்துவிடுக!

1959-இல் சென்னை மாநகராட்சியில் கழகத்தவர் மேயரானபோது, தெருவிளக்கும் குழாய்த் தண்ணீரும் அரசியலே என்பதை நாட்டுக்குக் காட்டினோம். தெருவில் கிடக்கும் வண்டியும் அரசியல்தான். வட்டத் தோழர்கள் தத்தம் தெருவில் கிடப்பவற்றைக் கணக்கெடுக்கட்டும்; வண்டி எண்ணோடு பகுதி சபையில் எழுந்து பேசட்டும்.

தெரு துலங்கட்டும், தொழிலாளி துவளாதிருக்கட்டும்!