சாணிவண்டு சாகாத மருந்து வேண்டும்

மேய்ச்சல் நிலத்தில் விழுந்த சாணம் சூடு ஆறுவதற்குள் ஈக்கள் வந்து முட்டையிட்டுவிடும். பின்னாலேயே வண்டுகள் வரும். சில வகைகள் சாணத்துக்குள்ளேயே தங்கிப் பெருகும். சில அதன் அடியில் வளை தோண்டி, சாணத்தை மண்ணுக்குள் இறக்கி, அதில் முட்டை வைக்கும். பீயுருட்டி வண்டு என்று கிராமத்துப் பிள்ளைகள் அறிந்தவை, உருண்டை பிடித்துத் தள்ளிக்கொண்டு போய்ப் புதைக்கும். இந்த வண்டுகளின் உடம்பில் தொற்றிக்கொண்டு சிற்றுண்ணிகளும் வந்து இறங்கும். மாட்டின் இரத்தத்தைக் குடிக்கும் உண்ணிகள் அல்ல இவை. ஈயின் முட்டையையும் இளம்புழுவையும் தேடித் தின்பவை. வேலை முடிந்ததும் மறுபடி வண்டின்மேல் ஏறி அடுத்த சாணத்துக்குப் போய்விடும். நாலைந்து நாளில் பைலோபோலஸ் என்ற பூஞ்சை முளைத்து, தன் வித்துப்பையை வெளிச்சம் வரும் பக்கமாக இரண்டு மீட்டர் தூரம் வரை எறியும். அது புல்லில் ஒட்டி, மாட்டின் வயிற்றுக்குள் போய், மீண்டும் சாணத்தில் வந்து சேரும். இவற்றோடு கோடானுகோடி நுண்ணுயிர்களும் சேர்ந்துதான் சாணத்தை எருவாக்குகின்றன.

இந்தக் கூட்டத்தை இன்று மாட்டுக்குப் போடும் ஓர் ஊசி அழித்துக்கொண்டிருக்கிறது. அதை ஒழுங்குபடுத்தும் பொறுப்பை மத்திய, மாநில அரசுகள் இனியும் தள்ளிப்போடக் கூடாது.

அந்த மருந்தின் பெயர் ஐவர்மெக்டின். ஜப்பானிய மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து பிறந்து, 1981-இல் கால்நடை மருந்தாகச் சந்தைக்கு வந்தது. ஆப்பிரிக்காவில் ஆற்றுக்குருடு நோயிலிருந்து எத்தனையோ பேரின் கண்களைக் காத்ததும் இதுவே. கண்டறிந்தவர்களுக்கு 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது முற்றிலும் நியாயம். ஆனால் மாட்டின் உடலுக்குள் போகும் இந்த மருந்தில் பெரும்பகுதி சிதையாமல் சாணத்தோடு வெளியேறுகிறது. குடற்புழுவையும் உண்ணியையும் கொல்லும் அதே நஞ்சு, சாணத்தில் வளரும் வண்டின் புழுவையும் கொல்கிறது. ஊசி போட்டுப் பல நாட்கள் வரை, சில சமயம் வாரக்கணக்கில், அந்த மாடு போடும் சாணம் வண்டுகளுக்கு ஆகாது.

இது புதிதாகக் கிளம்பிய ஐயமும் அல்ல. மருந்து கொடுத்த கன்றுகளின் சாணம் மூன்று மாதம் கழித்தும் ஏறக்குறைய அப்படியே கிடந்ததை, 1987-இலேயே பிரிட்டன் ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் எழுதினார்கள். மருந்தில்லாத சாணம் அதற்குள் மட்கிப் போயிருந்தது. சாகும் அளவுக்கு மருந்து இல்லாதபோதும் வண்டு மோப்பத்தையும் நடக்கும் வலுவையும் இழக்கிறது என்று 2015-இல் ஸ்பெயின் ஆய்வு ஒன்று காட்டியது. மோப்பம் போன வண்டு சாணத்தை எப்படிக் கண்டுபிடிக்கும்?

வண்டுகள் இல்லாத மேய்ச்சல் நிலம் எப்படி இருக்கும் என்பதற்கு ஆஸ்திரேலியா சாட்சி. 1788-இல் ஐரோப்பியர் அங்கே மாடுகளைக் கொண்டுபோய் இறக்கினார்கள். கங்காருவின் காய்ந்த புழுக்கைக்குப் பழகியிருந்த அந்நாட்டு வண்டுகளில் பெரும்பாலானவை மாட்டின் ஈரச் சாணத்தை நாடவில்லை. சாணம் காய்ந்து வரட்டியாகி மேய்ச்சல் நிலத்தை மூடியது. சுற்றி வளர்ந்த புல்லை மாடுகள் ஒதுக்கின. ஈக்கள் பெருகி மனிதரையும் மாட்டையும் வதைத்தன. ஹங்கேரியில் பிறந்த பூச்சியியலாளர் ஜார்ஜ் போர்னமிசா இதைக் கண்டு சொன்ன யோசனையின் பேரில், சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனம் 1965 முதல் இருபது ஆண்டுகள் பாடுபட்டு ஆப்பிரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வண்டுகளைக் கொண்டுவந்தது. நோய் கூடவே வந்துவிடாதிருக்க முட்டைகளைக் கிருமி நீக்கி வளர்த்தார்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட வகைகளை விட்டதில் இருபத்துச் சொச்சம்தான் நிலைத்தன. நமக்கோ எல்லாம் இயற்கையாகவே வாய்த்திருக்கின்றன. ஒரு நாடு பெரும் பணம் செலவழித்துத் தேடிப்போனதை, கையில் வைத்துக்கொண்டே நாம் தொலைத்துவிடக் கூடாது.

இழப்பது யார் என்று கேட்டால், முதலில் உழவர்தான். மண்ணுக்கு மேலே காயும் சாணத்தின் தழைச்சத்து அம்மோனியாவாகிக் காற்றோடு போகும். வண்டு புதைத்தால் வேருக்குப் போகும். அது தோண்டிய வளை வழியே மழைநீரும் இறங்கும். மாட்டுக்கிடை கட்டி வயலுக்கு உரமேற்றும் நம் தென்மாவட்ட வழக்கத்தில் பாதி வேலை வண்டுகளுடையது. தமிழக அரசு 2023-இல் அங்கக வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டது. பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம், தொழுவுரம் என எல்லாமே சாணத்தை நம்பியிருக்க, அந்தச் சாணத்தில் என்ன மருந்து எஞ்சியிருக்கிறது என்று யாரும் கேட்காதது வேதனை தருகிறது.

ஒரே ஒரு கலப்பினப் பசுவை நம்பிப் பிழைக்கும் குடும்பத்திடம் மருந்தே வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. உண்ணியால் வரும் தைலேரியா காய்ச்சலில் மாடு செத்தால் அந்த வீட்டின் வருமானமே போய்விடும். எனவே தேவைப்படும் மாட்டுக்கு ஐவர்மெக்டின் கட்டாயம் கிடைக்க வேண்டும். நாம் எதிர்ப்பது, சாணப் பரிசோதனை இல்லாமல் நாள் பார்த்து எல்லா மாட்டுக்கும் ஊசி போடும் பழக்கத்தையும், மருத்துவரைக் கேளாமலே மருந்து கைமாறுவதையும்தான். குடற்புழு மட்டுமே தொல்லை என்றால் அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் போன்றவை பல வகைப் புழுக்களுக்குப் போதும். வண்டுகளுக்கு அவற்றால் வரும் கேடு மிகக் குறைவு. எந்த மருந்தானாலும் கண்டபடி கொடுத்தால் புழுக்கள் அதற்குப் பழகிவிடும் என்பதும் மருத்துவர்கள் அறிந்ததே. கறவை மாட்டுக்கு ஐவர்மெக்டின் போட்டால் பாலிலும் வரும் என்பதால் பல நாடுகள் அதற்குத் தடை வைத்திருக்கின்றன.

மேய்ச்சல் மாடுகளுக்கான ஒட்டுண்ணி மருந்தைப் பதிவு செய்ய, சாண ஈயிலும் சாணிவண்டிலும் அதைச் சோதித்த முடிவுகளை ஐரோப்பிய ஒன்றியம் கேட்கிறது. அதே நிபந்தனையை மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பும் விதிக்க வேண்டும். மருந்து உறையில் அந்தந்த மாநில மொழியில் எச்சரிக்கையும் அச்சிட வேண்டும். டைக்ளோஃபினாக் விஷயத்தில் நாம் தாமதித்ததன் விலையை மறக்க முடியாது. மாட்டுக்குப் போட்ட அந்த வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகளைக் கொன்றது. 2006-இல் தடை வருவதற்குள் அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் போய்விட்டன. மோயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியவற்றைக் காக்க இன்றும் போராடுகிறோம். கழுகு குறைந்ததை வானத்தைப் பார்த்தவர்கள் கண்டுபிடித்தார்கள். வண்டு குறைவதைக் குனிந்து பார்க்க நம்மிடம் முறையான கணக்கெடுப்பே வேண்டும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் அதை ஏற்று நடத்தலாம்.

மத்திய விதிகள் வரும்வரை கால்நடைப் பராமரிப்புத் துறை காத்திருக்கத் தேவையில்லை. கால்நடை மருந்தகம் ஒவ்வொன்றிலும் நுண்ணோக்கியும் சாணம் பார்க்கப் பயிற்சி பெற்ற ஒருவரும் இருக்க வேண்டும். புழு உறுதியான மாட்டுக்கு மட்டும் மருந்து, ஐவர்மெக்டின் போட்ட மாட்டுக்குச் சில வாரம் தொழுவத்திலேயே தீவனம் என்பதைத் துறை ஒரு சுற்றறிக்கையால் நடைமுறைக்குக் கொண்டுவர முடியும். வண்டுகள் மழைக்குப் பின்தான் பெருகும். ஆகவே அந்தச் சுற்றறிக்கை வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பே மருந்தகங்களுக்குப் போய்ச் சேர வேண்டும்.