இரண்டாவது வாசலுக்கும் தயாராகுங்கள்

எஸ்பிஎம் முடிவுகள் வெளிவரும் வாரத்தில் நம் வீடுகளில் ஒரு கேள்வி தவறாமல் எழும். "டாக்டருக்குப் படிக்க இந்த மார்க் போதுமா?" போதாது என்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். "எம்.ஏ. கோர்ஸ் இருக்கே, அதுக்குப் போடேன்" என்று யாராவது சொன்னால், ஆறுதல் பரிசு கிடைத்ததுபோல் பிள்ளையின் முகம் வாடிவிடும்.

நாம் இன்னும் எம்.ஏ. என்று சொல்லும் அந்தப் பணிக்கு இன்றைய பெயர் உதவி மருத்துவ அதிகாரி. தோட்டத்தில் வளர்ந்த நம் தாத்தா பாட்டிக்கு அவர் 'டிரஸ்ஸர்'. டாக்டர் எப்போதாவது வந்துபோகும் தோட்ட மருத்துவமனையில் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தவரும் வெட்டுக்காயத்துக்குக் கட்டுப் போட்டவரும் அவர்தான். தோட்ட மருத்துவ உதவியாளர்களின் பதிவுக்கென்று 1965இல் ஒரு சட்டமும், மருத்துவ உதவியாளர்களின் பதிவுக்கென்று 1977இல் இன்னொரு சட்டமும் வந்தன. இன்று அவசரப் பிரிவு, ஆம்புலன்ஸ், மாவுக்கட்டு அறை, சிறுநீரகப் பிரிவு, அரசாங்க கிளினிக் என எங்கும் இவர்களைப் பார்க்கலாம். 2010இல் தொடங்கப்பட்ட 1மலேசியா கிளினிக்குகளில் சிறு நோய்களுக்குச் சிகிச்சை அளித்தவர்களும் இவர்களே.

மூன்றாண்டு டிப்ளோமா இத்துறையின் முதல் வாசல். அதைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறோம். வேலையில் சேர்ந்து சில ஆண்டுகள் கழித்து வரும் இரண்டாவது வாசலைப் பற்றி யாரும் சொல்வதில்லை. அதுதான் 'போஸ்ட் பேசிக்' எனப்படும் சிறப்புப் பயிற்சி. அவசர சிகிச்சை, எலும்பு முறிவு, சிறுநீரகம், கண், மயக்க மருந்து போன்ற துறைகளில் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை நடக்கும். எல்லாருக்கும் இடம் கிடைக்காது. பணி உறுதியாகியிருக்க வேண்டும். ஆண்டுப் பணி மதிப்பீடு நன்றாக இருக்க வேண்டும். துறைத் தலைவரின் ஆதரவும் வேண்டும். ஒருவர் இருபது ஆண்டுகள் ஒரே இடத்தில் நிற்பாரா, ஒரு துறையில் வல்லுநர் ஆவாரா என்பது பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது.

இந்த நிலை மலேசியாவில் மட்டும் இல்லை. அமெரிக்காவில் 1965இல் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட், கடற்படையில் மருத்துவப் பணி செய்து திரும்பிய நால்வரைக் கொண்டு 'பிசிஷியன் அசிஸ்டன்ட்' படிப்பைத் தொடங்கினார். ஆறே ஆண்டுகளில், 1971இல், நியூயார்க்கின் மோன்டஃபியோர் மருத்துவமனை அவர்களுக்கென அறுவை சிகிச்சையில் 'ரெசிடென்சி' பயிற்சியை ஆரம்பித்தது. அமெரிக்காவில் இப்பயிற்சி கட்டாயமில்லை. ஆனாலும், ஒரு மருத்துவமனை ஆண்டுக்கு ஒரு சிலரை மட்டுமே எடுப்பதால் போட்டி கடுமை. தமிழ்நாட்டில் 1992இல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் இதய அறுவை சிகிச்சை நிபுணர் கே.எம்.செரியன் இப்படிப்பைத் தொடங்கிவைத்தார். நாடு எதுவானாலும் தேர்வுக் குழு கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான். இதுவரை என்ன செய்தாய்? ஏன் இந்தத் துறை? நீ வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் யார்?

சாலாக் செலாத்தானில் எங்கள் புளோக்கில் குடியிருக்கும் அண்ணன் ஒருவர் உதவி மருத்துவ அதிகாரி. சிறுநீரகப் பயிற்சிக்கு முதல் முறை விண்ணப்பித்தபோது அவருக்கு இடம் கிடைக்கவில்லை. "மார்க் இருந்துச்சு தம்பி. ஏன் கிட்னின்னு கேட்டாங்க. மேல படிக்க ஆசைன்னு மட்டும்தான் சொல்லத் தெரிஞ்சிச்சு" என்றார். அதன் பிறகு சட்டைப் பையில் ஒரு 555 நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டார். கடைக்காரர் கடன் கணக்கு எழுதுவாரே, அதே புத்தகம்தான். எந்த நோயாளியின் பெயரும் அதில் இல்லை. அன்று தன் கையால் செய்தது என்ன, தவறியது என்ன, சீனியர் திருத்தியது என்ன என்று நாளுக்கு நாலு வரி எழுதினார். இரண்டாவது நேர்முகத் தேர்வில் அவர் பேசியதெல்லாம் அந்த நாலு வரிகளிலிருந்துதான். இடம் கிடைத்தது.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒன்று, இரண்டாவது வாசலுக்கான தயாரிப்பு டிப்ளோமாவின் முதல் ஆண்டிலேயே தொடங்குகிறது. மருத்துவமனைப் பயிற்சிக்குப் போகும் ஒவ்வொரு பிரிவிலும் கற்றதைக் குறித்து வையுங்கள். தவறு செய்தால் மறைக்காமல் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். பின்னாளில் உங்களுக்காக ஒருவர் பரிந்து பேச வேண்டுமானால், அவர் உங்கள் வேலையைப் பார்த்திருக்க வேண்டும். மற்றொன்று, எந்தத் துறையில் இடம் காலியாக இருக்கிறதோ அதற்கு ஓடாதீர்கள். அந்தத் துறைக்கு நீங்கள் ஏன் வேண்டும் என்று முதலில் உங்களுக்கே பதில் தெரிய வேண்டும்.

அந்தப் பதில் நம் சமூகத்திலேயே இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. நீரிழிவு முற்றினால் சிறுநீரகம் பழுதாகிறது. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் நம் உறவினர் ஒருவராவது வாரத்துக்கு மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்வருவதைப் பார்க்கிறோம். நாற்காலியில் படுத்திருக்கும் பாட்டி "தலை கிறுகிறுங்குதுப்பா" என்று சொன்னவுடன் இரத்த அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்கத் தெரிந்த, தமிழும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பது பெரிய விஷயம்.

மாணவர்கள் தயாரானால் மட்டும் போதாது. எந்தத் துறைக்கு எத்தனை இடம், எந்த அளவுகோலில் தேர்வு என்பது டிப்ளோமா படிக்கும்போதே ஒவ்வொரு மாணவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கிடைக்காதவருக்கு எங்கே குறை என்று ஒரு வரியாவது சொல்ல வேண்டும். காரணம் தெரியாத நிராகரிப்பு, அடுத்த முறை விண்ணப்பிக்கும் துணிச்சலையே பறித்துவிடும். சுகாதார அமைச்சும் கல்லூரிகளும் இதைச் செய்ய வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. டாக்டர் சீட் கிடைக்காத பிள்ளை தோற்றுப்போன பிள்ளை அல்ல. "வேறு வழியில்லாமல் வந்தேன்" என்ற நினைப்போடு முதல் வாசலில் நுழைபவருக்கு இரண்டாவது வாசல் கண்ணில் படாது. அந்த நினைப்பைப் பிள்ளையின் தலையில் ஏற்றாமல் இருப்பதே நீங்கள் செய்யும் முதல் உதவி.