மழைக்கு ஒதுங்க ஒரு கூரை: திருகோணமலையின் மாரிகாலமும் பொது இடமும்

திருகோணமலையைப் பற்றிச் சுற்றுலாப் பயணிகளுக்காக எழுதப்படும் கையேடுகள் அனைத்தும் வெயில்காலத்துக்கானவை. நிலாவெளிக் கடற்கரை, புறாத்தீவு, திமிங்கிலம் பார்க்கும் படகுகள், உப்புவெளி விடுதிகள் என்று அவை அடுக்கும் எல்லாமே வைகாசியிலிருந்து புரட்டாதி வரைக்கும்தான். ஐப்பசியில் வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் பயணிகள் வேறு கரைகளைத் தேடிப் போய்விடுகிறார்கள். மழையோடு மிஞ்சுவது மாவட்டத்தின் மக்கள் மட்டுமே. ஆண்டு மழையின் பெரும்பகுதி அந்த மூன்று நான்கு மாதங்களிலேயே கொட்டித் தீர்க்கிறது. பாடசாலைகளின் ஆண்டிறுதி விடுமுறையும் வழமையாக அதே காலத்தில்தான் வருகிறது.

அந்த மாதங்களைப் பற்றி நான் இங்கே ஒரு சின்னக் கேள்வியை எழுப்ப விரும்புகிறேன். மூதூரிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ ஒரு தாய் தன் இரண்டு பிள்ளைகளோடு பஸ் ஏறி நகரத்துக்கு வந்து, பெரிதாகக் காசு செலவழிக்காமல், நனையாமல், யாருடைய அனுமதியும் கேட்காமல் அரை நாள் இருந்துவிட்டுத் திரும்பக்கூடிய இடங்கள் எவை? பொழுதுபோக்குப் பற்றிய கேள்வி போலத்தான் இது தோன்றும். ஆனால் போருக்குப் பிந்திய அபிவிருத்தி யாருக்காகத் திட்டமிடப்படுகிறது என்பதை இதைவிட எளிதாக அளந்துவிட முடியாது.

இருப்பவற்றை முதலில் பார்ப்போம். துறைமுகப் பக்கமாகச் சென்றால், ஒல்லாந்தர் காலத்தில் கடற்படை ஆணையாளரின் இல்லமாக இருந்த கட்டிடம் நிற்கிறது. மத்திய கலாசார நிதியம் அதைப் புனரமைத்து 2013இல் கடல்சார் வரலாற்று அருங்காட்சியகமாகத் திறந்தது. மழைநாளில் பிள்ளைகளைக் கூட்டிச் செல்ல நல்ல இடம். தடித்த சுவர்களுக்கும் அகன்ற விறாந்தைகளுக்கும் நடுவே துறைமுகத்தின் கதையைச் சொல்லிக்கொடுக்கலாம். ஹூட்ஸ் கோபுரத்திலும் ஓர் அருங்காட்சியகம் உண்டு. ஆனால் அது கடற்படைத் தளத்துக்குள் இருக்கிறது. கோணேசர் ஆலயத்துக்குப் போவதென்றால், இராணுவம் நிலைகொண்டுள்ள பிரட்றிக் கோட்டையின் வாயிலைக் கடந்துதான் போகவேண்டும். 1622இல் ஆலயத்தை இடித்த போர்த்துக்கேயர் அதன் கற்களையும் கொண்டு எழுப்பிய கோட்டை அது. நகர மையத்தில் பத்திரகாளி அம்மன் கோயில் மண்டபமும் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் இருக்கின்றன. பொது நூலகமும் இருக்கிறது.

இந்தப் பட்டியலைக் கவனியுங்கள். உள்ளே போக ஒன்றில் பக்தராக இருக்கவேண்டும், அல்லது பார்வையாளராக இருக்கவேண்டும், அல்லது காவலரணைத் தாண்டவேண்டும். வெறும் குடிமகளாக, குடிமகனாகப் போய் உட்காருவதற்கு நூலகத்தைத் தவிர வேறு கூரை இல்லை. அந்த ஒன்றும் மாவட்டம் முழுவதற்கும் போதாது.

எமது மக்களுக்குப் பொதுக் கூரை என்ற சொல் வேறு அனுபவங்களையே நினைவூட்டும். 1990இல் இடம்பெயர்ந்தபோது பாடசாலைக் கட்டிடம். 2004 டிசெம்பர் 26இல் கடல் ஏறி வந்தபோது கோயில் மண்டபம். 2006இல் சம்பூர் மக்கள் ஊரைவிட்டு ஓடியபோது மரநிழல்களும் கூடாரங்களும், பிறகு ஆண்டுக்கணக்கில் கிளிவெட்டி முகாமின் தகரங்கள். காணிகள் 2015இற்குப் பின்னர் விடுவிக்கப்படும் வரை ஒரு தலைமுறைப் பிள்ளைகள் மழைச்சத்தத்தை அந்தத் தகரத்துக்குக் கீழேதான் கேட்டு வளர்ந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோது நாடு முழுவதும் 600இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மாவிலாறு அணைக்கட்டு உடைப்பெடுத்து மூதூர், வெருகல் பக்கத்து மக்கள் மீண்டும் பாடசாலைகளுக்குள் ஒதுங்கினார்கள். உயிர் தப்புவதற்காக மட்டுமே பொதுக் கட்டிடத்துக்குள் நுழைந்து பழகிய மக்கள் நாங்கள். விரும்பிப் போய் இருந்து வாசிக்கவோ, கரம் விளையாடவோ, கதைக்கவோ ஒரு கட்டிடம் எமக்கும் உரியது என்று கேட்க இன்னும் பழகவில்லை.

திறந்தவெளி இருக்கிறதே, கடற்கரை இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, காந்தி சிலைக்கு அருகே கடற்கரையில் கூடியிருந்த மாணவர்கள் ஐவர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அவ்வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டனர். இந்த நகரத்துப் பெற்றோர் மாலையில் பிள்ளையை வெளியே அனுப்பும்போது இரண்டு முறை யோசிப்பது வெறும் பயந்த சுபாவம் அல்ல. அதற்குத் திகதியும் இடமும் இருக்கிறது. வெளிச்சமும் பொறுப்பான பணியாளர்களும் உள்ள ஓர் உள்ளரங்கு, அந்தப் பெற்றோருக்கு ஆடம்பரமான கோரிக்கை அல்ல.

அடுத்தது போக்குவரத்து. 2009 ஒக்ரோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டதும், அதன்பின் மட்டக்களப்பு வீதியின் ஏனைய பாலங்கள் கட்டப்பட்டதும் பெரிய மாற்றங்கள்தான். படகுப் பாதைக்காகக் காத்துக்கிடந்த மூதூர் மக்கள் இன்று நேராக பஸ்ஸில் வருகிறார்கள். ஆனால் உள்ளூர் நீர்வழிகள் அனைத்துக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. குறிஞ்சாக்கேணியில் புதிய பாலத்துக்கான வேலை நடந்துகொண்டிருந்தபோது, 2021 நவம்பர் 23ஆம் திகதி, மாற்றுவழியாக ஓடிய இழுவைப் படகு கவிழ்ந்தது. பாடசாலை செல்லும் பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே உயிரிழந்தார்கள். மாரிகாலத்தில் ஒரு பிள்ளை வீட்டிலிருந்து புறப்பட்டுப் போய்ச் சேருவதே எமது மாவட்டத்தில் எவ்வளவு பெரிய விடயம் என்பதை அந்த நாள் காட்டியது.

பஸ் ஓடுகிறதா என்பதோடு இது முடிவதில்லை. எப்போது ஓடுகிறது என்பதும் முக்கியம். ‘சிசு சரிய’ போன்ற மாணவர் சேவைகள் பாடசாலை நாட்களுக்கானவை. பிள்ளைகளுக்கு நேரம் மிஞ்சும் விடுமுறையில் அவை கைகொடுப்பதில்லை. கிராமத்துக்கான கடைசி பஸ் புறப்படும் நேரத்தைப் பார்த்தே எல்லோரும் எழுந்து போகிறார்கள். ஆகவே நூலகத்தின் உண்மையான மூடும் நேரம் அதன் கதவில் எழுதியிருப்பது அல்ல, பஸ் நிலையத்தில் எழுதியிருப்பதுதான். கட்டிடம் கட்டுபவர்களும் பஸ் நேர அட்டவணை போடுபவர்களும் ஒரே மேசையில் இருந்து பேசாதவரை எவ்வளவு அழகான மண்டபமும் நகரத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமே பயன்படும்.

வேறு இடங்களில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். சென்னை கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிக்கவும் தனி இடம் உண்டு. சிங்கப்பூரில் பல பொது நூலகங்கள் ரயில் நிலையங்களை ஒட்டிய கடைத்தொகுதிகளுக்குள்ளேயே இருக்கின்றன. தமிழ்ப் புத்தகங்களும் அங்கே கிடைக்கும். பஸ்ஸோ ரயிலோ விட்டு இறங்கியவுடன் போகக்கூடியதாக இருக்கவேண்டும் என்ற எண்ணத்துக்குப் பெரிய செல்வம் தேவையில்லை, திட்டமிடல்தான் தேவை.

உண்மையில் இது எமக்குப் புதிய யோசனையும் அல்ல. ஊருக்கு ஊர் இருந்த சனசமூக நிலையமும் வாசிகசாலையும் இதைத்தான் செய்தன. சந்தியில் ஒரு சிறு கட்டிடம், இரண்டு வாங்கு, அன்றைய பத்திரிகைகள், ஒரு கரம் பலகை. பஸ்ஸுக்கு நிற்பவரும் மழைக்கு ஒதுங்கியவரும் பத்திரிகையைப் புரட்டியபடி ஊர்க்கதை பேசினார்கள். தமிழின் முதல் வரலாற்று நாவலாகக் கருதப்படும் ‘மோகனாங்கி’யை 1895இல் தந்த சரவணமுத்துப்பிள்ளை திருகோணமலைக்காரர்தான். வாசிப்புக்கு இந்த மண்ணில் வேர் இல்லை என்று யாரும் சொல்லமுடியாது. இடப்பெயர்வுகளில் அழிந்த வீடுகளைக் கணக்கெடுத்தார்கள். அழிந்த வாசிகசாலைகளுக்கு நட்டஈடு கோரியவர் எத்தனை பேர்?

யாரிடம் கேட்பது என்பதற்கு இப்போது பதில் இருக்கிறது. கிழக்கு மாகாண சபை 2017இல் கலைந்தது கலைந்ததுதான். ஆனால் 2023 மார்ச்சிலிருந்து வெறுமையாகக் கிடந்த உள்ளூராட்சி மன்றங்களுக்கு 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்து, தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்கள் மீண்டும் வந்திருக்கிறார்கள். நூலகமும் வாசிகசாலையும் அவர்களுடைய பொறுப்பு. மன்றங்களின் வரவு செலவுத் திட்டம் சமர்ப்பிக்கப்படுவதும் ஆண்டிறுதியில், அதாவது சரியாக மழை கொட்டும் மாதங்களில்தான்.

எனது கோரிக்கைகள் மூன்று. ஒவ்வொரு பிரதேச சபையும் பஸ் தரிப்பிடத்தை ஒட்டி ஒரு வாசிகசாலையையேனும் திருத்தி, கழிப்பறையும் மின்விளக்கும் உள்ளதாகத் திறக்கவேண்டும். விடுமுறை மாதத்தில் நகர நூலகத்தின் நேரத்தை நீடித்து, அதற்கேற்ப மூதூர், குச்சவெளி, தம்பலகாமம் வழித்தடங்களில் மாலை பஸ் ஒன்றை இ.போ.ச. சாலையுடன் பேசி ஒழுங்குசெய்யவேண்டும். மூன்றாவதாக, புதிதாகக் கட்டப்படும் எந்தப் பொது மண்டபமும் தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் மூவரும் அனுமதிச்சீட்டின்றி நுழையக்கூடியதாக இருக்கவேண்டும்.

வெள்ளத்தில் வீடிழந்தவன் இருக்கும்போது வாசிகசாலையா என்று கேட்பவர்களின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. வீடுதான் முதல். ஆயினும் உயர்ந்த தரையில் உறுதியாகக் கட்டப்பட்ட வாசிகசாலை, புயல் நாளில் தங்குமிடமாகவும் பயன்படும். அப்போது பாடசாலைகளை வாரக்கணக்கில் மூடவேண்டிய நிலையும் குறையும். துறைமுகத்துக்கும் எண்ணெய்க் குதங்களுக்கும் வெளிநாடுகளோடு ஒப்பந்தம் போடத் தெரிந்த அரசுக்கு, அதே துறைமுகத்தின் கரையில் ஒரு பிள்ளை நனையாமல் இருந்து படிக்க ஓர் அறை கட்டுவது கடினமான காரியம் அல்ல. அடுத்த பாதீட்டு விவாதத்தின்போது உங்கள் வட்டார உறுப்பினரிடம் இதைக் கேளுங்கள்.