கிரேட் பேர்ட் தீவுக்குப் போகும் படகுகளைச் சோதியுங்கள்

ஆன்டிகுவா - பார்புடா நாட்டின் சுற்றுச்சூழல் அமைச்சர் அவர்களுக்கு,

எங்கோ இந்தியாவில் இருப்பவர் உங்கள் ஆன்டிகுவா ரேசர் பாம்பைப் பற்றி ஏன் எழுதுகிறார் என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் பாம்பை அழிவின் விளிம்புக்குத் தள்ளிய இரண்டு விலங்குகளின் பூர்வீகமும் எங்கள் பக்கம்தான். கருப்பு எலி இந்தியத் துணைக்கண்டத்தில் தோன்றி, கப்பலேறி உலகமெங்கும் பரவியது. கீரியை மனிதர்களே கூண்டில் அடைத்துக் கொண்டுபோனார்கள். 1872இல் கல்கத்தாவிலிருந்து ஒன்பது கீரிகள் ஜமைக்காவின் கரும்புத் தோட்டத்துக்குப் போயின. அடுத்த சில பத்தாண்டுகளுக்குள் உங்கள் தீவிலும் கீரியை விட்டார்கள்.

கரும்பைக் கடிக்கும் எலியைக் கீரி ஒழித்துவிடும் என்பது தோட்டக்காரர்களின் கணக்கு. எலி இரவில் திரியும், மரமேறும். கீரிக்கோ பகலில் தரையில்தான் வேட்டை. அதன் வாயில் அகப்பட்டது, பகலில் பல்லியைத் தேடித் தரையில் ஊர்ந்த ஆன்டிகுவா ரேசர். எங்கள் சாரைப்பாம்பைப் போல மனிதருக்குத் தீங்கில்லாத பிராணி அது. பெரிய தீவான ஆன்டிகுவாவில் அது அற்றுப்போனது. பூண்டோடு அழிந்துவிட்டதாகவே பல காலம் நம்பப்பட்டது.

கீரி போய்ச் சேராத ஒரே ஒரு குட்டித் தீவில் அது மிஞ்சியிருந்தது. கிரேட் பேர்ட் தீவு, 25 ஏக்கருக்கு மேல் இராது. 1995இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது ஏறத்தாழ 50 பாம்புகளே இருந்தன. கீரிக்குத் தப்பிய இடத்திலும் எலி இருந்ததுதான் காரணம். பிடித்துப் பார்த்த பாம்புகள் பலவற்றுக்கு வால் அறுந்திருந்தது; உடம்பில் எலியின் பல் பதிந்த தழும்புகள். வயலில் பாம்பு எலியை விழுங்குவதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இதை நம்பவே நேரமாகும். ஆனால் ரேசர் இரவில் கல்லிடுக்கில் அசையாமல் கிடக்கும். எலிக்கு அதுவே நடமாட்ட நேரம். முட்டையையும் எலி விட்டுவைப்பதில்லை.

அந்த ஆண்டே நஞ்சு கலந்த இரை வைத்து எலிகளை ஒழித்தார்கள். இரண்டே ஆண்டுகளில் பாம்புகள் இரு மடங்காயின. பிறகு ராபிட், கிரீன், யார்க் தீவுகளிலும் எலியை ஒழித்து ரேசரைக் குடியேற்றினார்கள். இன்று அவை ஆயிரத்தைத் தாண்டியிருக்கின்றன. ரெடோண்டா தீவிலும் எலி ஒழிப்புக்கு உங்கள் அரசு துணை நின்றது. உரத்துக்காகப் பறவை எச்சத்தைத் தோண்டிய காலத்திலிருந்து எலியும் ஆடும் மொட்டையடித்த பாறை அது. ஆடுகளை இடம் மாற்றி, 2017இல் எலிகளையும் ஒழித்த பிறகு அங்கே புல் முளைத்தது. உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு கரும்பல்லி பெருகியது. உங்கள் நாட்டு மக்களும் சுற்றுச்சூழல் விழிப்புணர்வுக் குழுவும் செய்த இந்த வேலையைப் பெரிய நாடுகள் வந்து படிக்க வேண்டும்.

என் கவலை இனிமேல்தான். கிரேட் பேர்ட் தீவுக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான சுற்றுலாப் பயணிகள் படகில் போகிறார்கள். உணவுப் பெட்டிக்குள்ளோ சுருட்டி வைத்த கயிற்றுக்குள்ளோ சினையாக இருக்கும் ஒரு பெண் எலி ஒளிந்திருந்தால் போதும். மூன்று வாரத்தில் குட்டி போடும். அந்தக் குட்டிகள் சில மாதங்களில் தாயாகும். எலியை ஒழித்த தீவுக்குள் அது திரும்ப வந்ததும் உண்டு. எலி கடித்தால் தடம் பதியும்படி கரையோரம் வைத்திருக்கும் மெழுகுக் கட்டிகளை ஒருவர் கையில் எடுத்து, இரட்டைப் பல்வரி தெரிகிறதா என்று திருப்பிப் பார்த்ததால்தான் அது தெரிந்தது. அந்த ஆளுக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் வெளிநாட்டு நன்கொடையிலிருந்து. திட்டக்காலம் முடிந்தால் பணம் நிற்கும். எலிக்குத் திட்டக்காலம் கிடையாது.

ஆகவே இந்தக் கண்காணிப்பை உங்கள் நாட்டு வரவு செலவுத் திட்டத்தில் நிரந்தரச் செலவாகச் சேர்க்க வேண்டுகிறேன். தீவுக்குப் போகும் பயணிகளிடம் சிறு கட்டணம் வாங்கி அதற்கே ஒதுக்கலாம். படகு உரிமம் புதுப்பிக்கும்போது எலி இல்லை என்ற சோதனையைக் கட்டாயமாக்கலாம். மெழுகுக் கட்டியில் பல்தடம் தெரிந்த அன்றே புறப்பட ஒரு படகும், இரையும், இரண்டு ஆட்களும் ஆண்டு முழுக்கத் தயாராக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு வாசகர்